அடிமட்டம் வைத்து வெட்டிய பெயர்

சென்ற மாதம் என் மகன் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மழைக்காட்டில் மிருகங்கள் பார்க்கலாம், மலை ஏறலாம், கடைசியில் கடற்கரையில் தென்னை நிழலில் படுத்துக் கிடக்கலாம், எல்லாம் ஒன்பதே நாளில் என்று அதில் போட்டிருந்தது. படத்தில் ஒரு குடும்பம் முதுகில் பை சுமந்துகொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் அதை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். அம்மாவுக்கு விசர் என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதில் பெரிய பிழையில்லை. அந்தப் பயணத்தின் பெயரில் பத்து வயதில் என் தலைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அப்போது அது பிழையான ஆட்கள் மேல் இருந்தது, இப்போது சரியான ஆட்கள் மேல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அரசாங்க உத்தியோகத்தர் குடும்பத்தோடு இலவசமாக ரயிலில் போய்வர, வருடத்தில் சில தடவை வாரண்ட் என்றொரு கடதாசி கொடுப்பார்கள். நாட்டில் தண்டவாளம் போகிற இடமெல்லாம் போகலாம். எங்கள் ஊராருக்கோ அந்த வாரண்ட் கொழும்பில் நடக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும்தான். கொழும்புக்குப் போவார்கள், ஊரில் தினமும் பார்க்கிற அதே சொந்தக்காரரின் முகத்தை அங்கேயும் இரண்டு நாள் பார்ப்பார்கள், திரும்பி வருவார்கள்.

இந்த வழக்கத்தை உடைக்க வந்தவை சித்தப்பாவின் கடிதங்கள். அப்பாவின் ஒரே தம்பி அவர். தெற்கே தெனியாயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற உத்தியோகம். சித்தியும், என்னைவிட ஏழு மாதம் இளைய அவர்களுடைய மகளும் அங்கேயே இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மழைக்காடு தொடங்குகிறது என்று எழுதுவார். நீல உடம்பும் சிவந்த சொண்டும் நீண்ட வாலும் உள்ள பறவை, பூனை அளவு அணில், கறுத்த முகக் குரங்கு எல்லாம் அதில் இருந்தன. காட்டுப் பாதையால் ஏறினால் ஒரு மலை. உச்சியில் நின்றால் காலை வெயிலில் தெற்குக் கடல் தெரியும். பிறகு மாத்தறைக்கு இறங்கினால் அந்தக் கடலிலேயே குளிக்கலாம். அண்ணை, இந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு வாரண்டை மாத்தறைக்கு எடுங்கோ என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

அப்பா எடுத்தார். வாரண்டில் அவருடைய பெயர், அம்மாவின் பெயர், மூன்றாவதாக என் பெயர். மேசை லாச்சிக்குள் இருந்த அதை நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து திறந்து பார்ப்பேன். எனக்குக் கன்வஸ் சப்பாத்து வாங்கினார்கள். வளர்கிற கால் என்று அம்மா வழக்கம்போல இரண்டு அளவு பெரிதாக வாங்கினார். நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு நான் மலை ஏறப் பழகினேன். குடாநாட்டில் மலைக்கு எங்கே போவது? எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது குவித்த கல்லுக் கும்பி ஒன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. அதில் ஏறி நின்று அடுத்த வீட்டு வாழைத் தோட்டத்தைக் கடலாகப் பார்த்தேன். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசவேண்டும் என்று சித்தப்பா எழுதியிருந்தார். அட்டையே இல்லாத கொக்குவிலில் நான் ஆனி மாதம் முழுவதும் காலில் சவர்க்காரத்தோடு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் என் புளுகு தாங்காமல் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

ஆடி மாதம் கலவரம் வந்தது. தெற்கில் தமிழரை அடிக்கிறார்களாம், வெட்டுகிறார்களாம், வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறார்களாம் என்று பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி நின்று கதைத்தார்கள். நான் கிட்டப் போனதும் கதை நின்றுவிடும். எனக்குத் தெரிவிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பயணம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா, "இப்ப உனக்கு ஊர் சுத்துறதுதான் குறையோ?" என்று எரிந்து விழுந்தார்.

இரண்டு வாரம் கழித்து, அகதிகளை ஏற்றிய கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது என்று கேள்விப்பட்டு அப்பா ஓடினார். சித்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா வரவில்லை. அவர் எங்கே என்று கேட்டேன். "தோட்டத்திலை நிக்கிறார்" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். நான் நம்பினேன். பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளை நம்பாமல் வேறு என்ன செய்யும்?

சித்தியின் மகள், எனக்குத் தங்கச்சி முறையானவள், யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்றுக்குள் நின்றாள். வெறுங்கால். உள்ளங்கால் முழுவதும் புண். அம்மா புண்ணைக் கழுவி, மருந்து பூசி, சீலைத் துண்டால் சுற்றினார். பிறகு என் அலுமாரியைத் திறந்து கன்வஸ் சப்பாத்தை எடுத்தார். பெரிய அளவு அல்லவா, சுற்றிய சீலைக்கும் சேர்த்து அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. "புண் மாறுமட்டும் அவள் போடட்டும்" என்றார் அம்மா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மலையை என் கண் முன்னாலேயே கழற்றி இன்னொருத்தியின் காலில் மாட்டிவிட்டார்கள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை, ஏனென்றால் சித்தியும் சாப்பிடவில்லை.

அவள் அந்தச் சப்பாத்தைக் கழற்றுவதே இல்லை. படுக்கும்போதும் காலில் இருக்கும். பகலில் வாசல் படலையடியில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து வீட்டுக்கு வருகிற ஒழுங்கையைப் பார்ப்பாள். விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டாள். பெரிய தோட்டத்துத் துரை மகள் என்ற எண்ணம் என்று நினைத்துக்கொண்டு நானும் கூப்பிடுவதை விட்டேன்.

புரட்டாதி பிறந்து சில நாளில், ஒரு காலை அப்பா மேசையில் வாரண்டை விரித்து வைத்திருப்பதைக் கண்டேன்.  பயணம் போகிறோம்! கிட்ட ஓடினேன். அப்பா அடிமட்டத்தை எடுத்து அம்மாவின் பெயருக்கு மேல் வைத்து ஒரு கோடு போட்டார். பிறகு அடிமட்டத்தைக் கீழே நகர்த்தி என் பெயருக்கு மேல் வைத்தார். எந்தப் பிழையையும் வளையாமல் நெளியாமல் வெட்டுகிற கிளாக்கர் அவர். என் பெயரையும் அப்படியே நேராக வெட்டினார்.

"என்ரை பேரை ஏன் வெட்டுறியள்?"

"நான் மட்டும்தான் போறன் பிள்ளை. அங்கை ஒரு அலுவல்."

"சித்தப்பா வீட்டையோ?"

அவர் வாரண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஓம்" என்றார்.

அம்மா குசினிக் கதவில் சாய்ந்து நின்று, "இஞ்சேருங்கோ, உங்களுக்கும் ஒண்டு நடந்தால் நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்று அழுதார். அது எனக்குச் சரியாகவே பட்டது. எங்களை விட்டுவிட்டுத் தனியே உல்லாசம் போகிற மனிதனைப் பார்த்து யார்தான் அழமாட்டார்கள்? அப்பா போகும்போது என் தலையைத் தடவ வந்தார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். இனி இவரோடு கதைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அப்பா மேல் வந்த கோபத்தை அப்பாவிடம் காட்ட அவர் இல்லை. படலையடியில் குந்தியிருந்தவளிடம் போனேன்.

"நீ காட்டுக்குள்ளாலை வந்தனி எண்டு அம்மா சொன்னவ. நீலப் பறவை கண்டனியோ?"

"இல்லை."

"அணில்?"

"ஒண்டும் காணேல்லை. சத்தம் போடக் கூடாதெண்டு அம்மா என்ரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தவ."

"மலை ஏறினனீங்களோ?"

"ஓம்."

"உச்சியிலை நிண்டு பாத்தால் கடல் தெரிஞ்சதோ?"

"எங்கடை வீடு தெரிஞ்சது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு உயரம் ஏறிப்போய்ச் சொந்த வீட்டையா பார்ப்பார்கள்? "கப்பலிலை வரேக்கை?" என்றேன்.

"சத்தி எடுத்தன்."

காடு, மலை, கடல். நான் ஆனி மாதம் முழுக்கக் கல்லுக் கும்பியில் ஏறி இறங்கித் தவம் கிடந்த மூன்றும் இவளுக்குக் கிடைத்திருக்கின்றன. இவளோ ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்காமல் வந்திருக்கிறாள். "எல்லாம் உனக்குத்தானே கிடைச்சது, பிறகென்னத்துக்கு என்ரை சப்பாத்தும்? கழட்டடி!" என்று கத்தினேன். அவள் அழவில்லை, அம்மாவைக் கூப்பிடவுமில்லை. குனிந்து நாடாவை அவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்து என் பக்கம் தள்ளி வைத்தாள். "அப்பா வந்தவுடனை எனக்கு வேற வாங்கித் தருவார். நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டு சொன்னவர்" என்றாள்.

நடந்ததை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். தோட்டத்துக்குள் கும்பல் ஏறுகிறது என்று தெரிந்ததும் சித்தப்பா மனைவியையும் மகளையும் காட்டுப் பாதையில் ஏற்றிவிட்டு, லயத்தில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொல்ல ஓடியிருக்கிறார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை, அவரைத் தேடித்தான் அப்பா போனது. காய்ச்சலுக்கு அவரிடம் மருந்து வாங்க வந்தவர்களும் அந்தக் கும்பலில் இருந்தார்களாம். மலையில் நின்று தங்கச்சி பார்த்த வீடு எரிந்துகொண்டிருந்த வீடு. நெருப்பு வைத்தவர்களில் ஒருவனைக்கூட யாரும் பிடித்து விசாரித்ததாக இன்றுவரை நான் அறியவில்லை. அவர்கள் பிள்ளை பெற்று, பேரன் கண்டு, நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். அந்த மலை உச்சியையும் அந்தக் காட்டையும் இன்றைக்கு ஒருவன் ஒன்பது நாள் உல்லாசமாக விற்கிறான். நான் கிழிக்காமல் என்ன செய்வேன்?

பிள்ளைக்கு ஏன் இதெல்லாம் என்று மறைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சப்பாத்தைக் கேட்டிருப்பேனா? விஷயம் தெரிந்த பின் அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது உன்னுடைய சப்பாத்துத்தானே அக்கா என்று சிரித்தாள். இன்னொன்றுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா போய் ஒன்பதாம் நாள் பின்னேரம் கொக்குவில் ஸ்டேசனில் இறங்கி நடந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கொண்டுபோன பையைத் தவிர கையில் எதுவுமில்லை. எனக்கு ஒரு சிப்பி, ஒரு இறகுகூடக் கொண்டுவரவில்லை. ஒழுங்கையால் வந்து, படலையைத் திறந்து, சாத்த மறந்து, நேரே கிணற்றடிக்குப் போனார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக் கால் கழுவினார். கால் முழுவதும் காய்ந்த சிறு புண்கள். அவை என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. அட்டைக் கடி. கோபத்திலும் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அத்தனை அட்டை கடிக்கக் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கவேண்டும்!  அவர் அங்கே என்ன கண்டார், என்ன காணவில்லை என்று சாகும்வரை எங்களுக்குச் சொல்லவில்லை.

சித்தி உள்ளேயிருந்து வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

தங்கச்சி மட்டும் அப்பாவிடம் வரவில்லை. பெரியப்பா உள்ளே வந்ததைக் கண்டும், அவள் வெறுங்காலோடு திறந்த படலைக்கு வெளியே இறங்கி நின்றாள். ரயில் பாதைப் பக்கம் ஒழுங்கை முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வா. மாடு வரப்போகுது" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றாள். கண்ணை எடுக்கவில்லை.

நான் ஏன் பொறுக்கவேண்டும்? ஒன்பது நாள் பொறுத்தாயிற்று. மலைக்குப் போன மனிதன் வந்துவிட்டார், வெறுங்கையோடு வந்துவிட்டார், இனி யார் வரக் கிடக்கிறது? அவளுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். படலையைச் சாத்திக் கொளுக்கியையும் போட்டேன்.