முழுகிய பயிருக்கு வந்த பணம்

சாந்தோம் ஃப்ளோரன்ஸ் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். அப்பன் ஞானதாஸின் ரத்தம் அது. மதுராந்தகம் பக்கத்து நிலத்தை மகள் பேருக்கு எழுதி வைக்கும்போதே, "நெல்லு அளக்கறப்ப பேச்சு குடுத்து எண்ணிக்கையைக் கலைப்பானுங்க, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ராயப்பேட்டை ஆண்ட்ரூவுக்கு வாக்கப்பட்டு, அவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் அவள் காதிலேயே இருந்தது.

நிலத்தைப் பயிர் வைப்பவன் பஞ்சாட்சரம். அவன் அப்பன் காலத்திலிருந்தே வாரம்தான், விளைச்சலில் சரிபாதி. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சு.

போன கார்த்திகைப் புயலில் நெல் மொத்தமும் தண்ணீருக்குள் போனது. சர்க்கார் நிவாரணம் தருகிறது என்றார்கள். பொங்கல் தாண்டியும் பஞ்சாட்சரம் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜொவிட்டா ஊதிவிட்டாள்.

"எங்க நாத்தனார் ஊர்ல எல்லாருக்கும் ஏறிடுச்சாம். உன் ஆளு முழுங்கிட்டு கம்முனு கீறான்."

அவன் வந்ததும் நிலத்தை விட்டு இறங்கச் சொல்வது என்று ஃப்ளோரன்ஸ் முடிவு கட்டினாள்.

மாசியில் அவனே வந்தான். எப்போதும் அரிசி மூட்டையோடு வருகிறவன் கையில் இந்தத் தடவை ஒரு பூசணிக்காய்.

"இன்னா பஞ்சாட்சரம், நிவாரணம் பூசணிக்காயா காய்ச்சிதா?"

"எனக்கு ஒண்ணும் வரலம்மா."

"ஊருக்கே வந்துதாம். உனக்கு மட்டும் வழி தெரியாம பூட்ச்சா? மாதா கெபிக்கு வா. மெழுகுத்திரி மேல கை வச்சு சொல்லு."

வர மாட்டான் என்று நினைத்தாள். வந்தான். மாதா சிலை வைத்த கல்குகையான அந்தக் கெபியின் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, எரிகிற திரி மேல் உள்ளங்கையைக் காட்டி, "ஒரு பைசா தொடல தாயே" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா."

"நான் எதுக்குய்யா?"

"கிராமக் கணக்குல உங்க பேருதான் இருக்குது. பணமும் உங்களுக்குத்தான் போச்சுன்னு தலையாரி சொல்றாரு. அதைக் கேக்கத்தான் பஸ் ஏறினேன். வாய் வரல."

சத்தியம் செய்யத் திரி பக்கம் தூக்கிய அவள் கை அப்படியே நின்றது. கிராமக் கணக்குக்கென்று முன்பு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது அவள்தான். ஆதாரை இணைத்து வைத்திருந்தது கேஸ் மானியம் விழுகிற பழைய பேங்க் கணக்கில். ஆண்ட்ரூ போனதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. மெசேஜ் எல்லாம் அவருடைய செத்துப்போன நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. கையை இறக்கினாள்.

"வா, பேங்குக்குப் போலாம்."

கவுண்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "வந்து ஒரு மாசமாச்சே ஆன்ட்டி" என்றாள்.

வெளியே வந்ததும் ஃப்ளோரன்ஸ் எடுத்த பணத்தை அப்படியே நீட்டினாள்.

"முழுசும் நீயே வச்சுக்க. பாடுபட்டவன் நீ."

பஞ்சாட்சரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மொத்தமா குடுத்துக் கணக்கு முடிக்கிறீங்களா? நாளைக்கு வரப்புல கால் வைக்காதேம்பீங்க. பாதி குடுங்க. எப்பவும் போல வாரம்."

வரப்பில் கால் வைக்காதே என்பதுதான் அவன் வந்ததும் சொல்ல அவள் எடுத்து வைத்திருந்த சொல். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு பார்வை பார்த்தாள். பேங்க் படியிலேயே உட்கார்ந்து பணத்தை எண்ணிப் பாதியாகப் பிரித்தாள். அவன் அவள் விரல்களையே பார்த்தான். அவள் அவன் முகத்தை.

"சித்திரையில சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழட்டுங்களா?"

"உழு. அறுப்புக்கு நானே வருவேன்."

"வாங்கம்மா, வாங்க" என்றவன், பாதியை இன்னொரு தரம் எண்ணிவிட்டுத்தான் மடியில் கட்டினான்.