புங்கமரத்தில் அடித்த போன்

“வண்டியில் மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறேன்” என்று யாரிடம் சொன்னாலும் “ஒகேனக்கல்லா?” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் மீன் வறுவல் தின்னவும் ஊரே அங்கே போகிறது, நான் வேறு எதற்கு? ஒரு சாலை மலைக்குள் திரும்பிக் காணாமல் போனால், அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தாக வேண்டும் எனக்கு. பார்க்காவிட்டால் சோறு இறங்காது. இந்தக் குணத்துக்கு என் மனைவி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் போட முடியாது.

போன வருடம் மழை விட்டதும் கிளம்பினேன். பாலக்கோட்டில் தொடங்கி, வழியில் தென்படும் மலைக்குள் எல்லாம் நுழைந்து வெளியே வந்து, மூன்றாம் நாள் ஏரியூரில் அக்கா வீட்டில் கை நனைப்பது என்று திட்டம். இரண்டாம் நாள் காலை பாப்பாரப்பட்டியில் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு மேற்கே மலை ஏறினேன். கொஞ்ச தூரத்தில் தார் தீர்ந்தது. பிறகு சிமெண்டும் தீர்ந்தது. சரளைக் கல்லில் முதல் கியரிலேயே வண்டி முக்கி முனகி ஏறியது. இரண்டு பக்கமும் சாமையும் கேழ்வரகும் நின்றன. யாருமில்லை.

உச்சி வளைவில் ஒரு புங்கமரம். கைக்கெட்டும் கிளையில் எட்டுப் பத்து பிளாஸ்டிக் பைகள் தொங்கின. ஏதோ வேண்டுதல் போல என்று வண்டியை நிறுத்திக் கிட்டே போனேன். அட, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு போன்! மரம் காய்த்திருக்கிற காயைப் பாரு என்று தனியாக நின்று சிரித்தேன். என் போனை எடுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரமாகச் செத்துக் கிடந்தது இங்கே சிக்னல் காட்டியது. பாதி விளங்கியது, மீதி விளங்கவில்லை.

அப்போது ஒரு பையில் நாதஸ்வரம் ஒலித்தது. பட்டன் போன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, ஓய்ந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன், ஈ காக்கை இல்லை. மூன்றாவது முறை அடித்தபோது என் கை சும்மா இருக்குமா? எடுத்துவிட்டேன்.

“அலோ, ஆருங்க?” பெண் குரல்.

“வழியில போறவனுங்க. போனு மரத்துல தொங்குது, அடிச்சுது, எடுத்தேன்.”

“ஆளு இருக்கீங்களா? நல்லதாப் போச்சு சாமி. அப்ப சொல்லீருங்க.”

“என்னன்னு சொல்றதுங்க?”

அந்தப் பக்கம் யாரோ “அம்மா, உள்ள வாங்க” என்று கத்துவது கேட்டது. இணைப்பு போய்விட்டது. என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. போனைப் பழையபடி பையில் போட்டுவிட்டு, யாருக்கு என்ன செய்தி என்று அறியும் ஆசையில் வேர்மேல் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் ஜாலியாக எறும்பை வேடிக்கை பார்த்தேன்.

சேற்றுக் காலோடு ஒருவர் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பட்டன் போனை எடுத்துப் பார்த்தவர் துள்ளிவிட்டார்.

“ரெண்டு! ரெண்டுங்கண்ணா!” முன்பின் தெரியாத என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“என்னாங்க ரெண்டு?”

“எங்க ஊருக்குள்ள டவர் இல்லீங்க. போனை இங்க தொங்க வுட்டுட்டுக் காட்டு வேலைக்குப் போயிருவோம். எத்தனை மிஸ்டு காலுன்னு வந்து பாத்தாச் சேதி தெரிஞ்சிரும். என் சம்சாரம் தருமபுரி ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குச் சேந்திருக்குதுங்க. மாமியார் கூட இருக்குது. ஒண்ணுன்னா இன்னும் வலி வர்லை. ரெண்டுன்னா நல்லபடியாப் பொறந்துட்டுது, மெதுவா வந்தாப் போதும்.”

“மூணுன்னா?”

“ஐயோ, மூணு வேண்டாங்கண்ணா. ரத்தம் வேணும், ஓடியான்னு அர்த்தம். மொதப் பிரசவத்துலயே என் ரத்தந்தான் ஏத்துனாங்க.”

நான் அந்தப் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரோ வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பி நடந்தார். வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன்தான், மறைப்பானேன்.

“தம்பி, நில்லுங்க. மூணாவதும் வந்துது. நான் எடுத்துட்டேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கன்னத்தில் ஒன்று விடுவார் என்று நின்றேன். “வண்டி ஓடுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

ஏறி வந்த சரளையில் இறங்கினேன். ஏறும்போது ரசித்த வளைவு ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திட்டினேன். பின்னால் அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். பாப்பாரப்பட்டி தாண்டியதும், “இன்னும் கொஞ்சம் முடுக்குங்கண்ணா” என்றார். அந்தக் கிழட்டு வண்டியை அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மாமியார் நின்றிருந்தார். “வந்துட்டியா கண்ணு, ஓடு” என்று மருமகனை உள்ளே தள்ளினார். நான் அப்படியே நழுவியிருக்கலாம். கால் வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை. ரத்தம் ஏறுகிறது, தாய் கண் திறந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அம்மா, அந்தப் போனை எடுத்தது நான்தாங்க” என்றேன். வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

“நீங்களா சாமி? அவன் எப்ப வந்து பாப்பானோன்னு நெனச்சுக்கிட்டேதான் மூணாவது தடவை அடிச்சேன். அலோன்னு உங்க கொரலு கேட்டுது. அப்பாடா, மனுசன் ஒருத்தன் இருக்கான், மருமவனை அனுப்பீருவான்னு போனைப் பையில போட்டுட்டேன். அப்பறம் அதைத் தொடவே இல்லீங்க.”

சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.