அக்காவுக்கு வந்த அட்டை

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எழுந்து பேச எனக்கு வராது. அடக்கத்தன்று பேச வேண்டிய ஒன்றைப் பேசாமல் நின்றுவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பா கிணறு வெட்டுகிறவர். மண் சரிந்து அவர் உள்ளேயே போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்விட்டார்கள். அக்கா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தார்கள். வீட்டு வேலை, சித்தாள் வேலை என்று பார்த்து, எழுபதுகளின் தொடக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி ஒரு வழிக்கு வரட்டும்" என்றார்கள். நான் சைக்கிள் கடை வைத்து, எனக்குக் கல்யாணமாகி, வேங்கிக்காலில் வீடு பார்த்தபோது அக்காவுக்கு நாற்பது ஆகியிருந்தது. பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை; அக்கா எங்களோடே இருந்துவிட்டார்கள்.

விடுதிப் பிள்ளைகள் சோற்றை மீதம் வைத்தால் திட்டுவார்கள். அதே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெபம் செய்யும்போது மட்டும் குரலே கேட்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக் காலத்தில், வயிற்றில் கட்டி என்று வேலூரில் சொன்னார்கள். அந்தப் புத்தாண்டு ஆராதனைக்கு அக்காவால் வர முடியவில்லை. நம் சபையில் அன்று காலை ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். அதில் உள்ள வசனம் அந்த ஆண்டு முழுதும் அவருக்கு உரியது. வர முடியாதவருக்காக வீட்டார் எடுக்கலாம். அக்காவுக்காக நான் எடுத்தேன்.

வந்த வசனம் வாக்குத்தத்தம் போலவே இல்லை. தேவன் மலைகளைப் பெயர்க்கிறவர், அவர் எடுத்துக்கொண்டால் தடுப்பவர் யார், என்ன செய்கிறீர் என்று அவரைக் கேட்பவர் யார் என்ற பொருளில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். படுத்திருக்கிறவர்களிடம் இதை எப்படிக் கொடுப்பது? யாரும் பார்க்காதபோது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி பெட்டிக்குள் கையை விட்டேன். இம்முறை நீண்ட ஆயுளைத் தருவேன் என்று வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிடிக்காவிட்டால் கர்த்தர் தடுத்திருக்க மாட்டாரா? அந்த அட்டையும் அவருடைய பெட்டியிலிருந்துதானே வந்தது? அப்படித்தான் நினைத்தேன்.

"நல்லா வந்திருக்குதுக்கா" என்று நீட்டினேன். அக்கா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்த அட்டையைப் படித்தார்கள். நானும் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து, கொடுத்த வாக்கை நிறைவேற்றும் என்று கேட்டேன். கட்டி குறையவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அக்கா பாட்டுப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு அட்டைகளும் இருந்தன.

"முடியலன்னாலும் உன் சட்டையை ஊறப்போடறப்ப பாக்கெட்ட பாக்க மாட்டனா? புத்தாண்டுக்கு மறுநாளே தெரியும்டா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஏன்க்கா அப்பவே கேக்கல?"

"கேட்டா கூச்சத்துலயே செத்துடுவியே. வீட்ல ஒரு நோயாளி போதும்."

"இது பயமா இருந்துச்சுக்கா. அதான்..."

"இன்னாத்துக்குப் பயம்? மலைய பேக்கற கைதான்டா நம்ம ரெண்டு பேரயும் இங்க தூக்கினு வந்துச்சு. கை பெருசா இருந்தாத்தான தாங்கும்?"

நான் பேசக்கூடாததைப் பேசினேன். "அப்பா மேல மண்ண தள்ளினதும் அந்தக் கைதானே?"

அக்கா திறந்திருந்த கதவு வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அது எனக்கும் புரியலடா. நேர்ல போய் கேட்டுக்கறேன்" என்றார்கள்.

"கேக்க முடியாதுன்னு இதுல போட்டிருக்குதேக்கா."

"கேக்காம உடுவனா? கோச்சிக்க மாட்டாரு. அவரு நல்லவரு."

செப்டம்பரில், சபையின் அறுப்பின் பண்டிகைக்கு மறுவாரம் அக்கா போய்விட்டார்கள்.

அடக்கத்தன்று தலைமாட்டில் இருந்த நீண்ட ஆயுள் அட்டையைப் பார்த்து உறவில் ஒருவர், "வாக்கு குடுத்தவரு பொய் சொல்லுவாரா? இவளுக்குத்தான் விசுவாசம் கம்மி" என்றார்கள். யார் என்று எழுதவில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். அந்த அட்டை அக்காவுக்கு வந்தது அல்ல. நான் மாற்றிக் கொடுத்தது. அக்கா தெரிந்தே என் மானத்தைக் காப்பாற்றினார்கள். அதற்குக் கிடைத்த பெயர் விசுவாசம் கம்மி என்பது. கம்மி எனக்குத்தான். மாற்றியது என் தவறு. ஆனால் கை நீட்டியவனுக்கு நல்ல அட்டையைக் கொடுத்து, எட்டு மாதத்துக்கு மேல் நம்பவும் விட்டு, கடைசியில் கைவிட்டாரே என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. போதகர் ஐயா இதற்காக என்னைக் கடிந்துகொண்டாலும் சரி.

அக்கா சாப்பிட முடியாத நாட்களில் தினமும் இளநீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், முறை வைத்து வந்து குளிப்பாட்டிய விடுதிப் பெண்களுக்கும், வேலூருக்கு ஒவ்வொரு தடவையும் உடன் வந்த என் மைத்துனருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் இருப்பது முதலில் வந்த அட்டை. அக்காவின் தலைமாட்டில் அன்று இருந்திருக்க வேண்டியது அதுதான்.

இந்தப் புத்தாண்டுக்கு நான் பெட்டியில் கைவிடவில்லை. என்ன செய்கிறீர் என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அக்கா கேட்டிருப்பார்கள். பதிலும் வாங்கியிருப்பார்கள். அதை எனக்கு வந்து சொல்லத்தான் வழியில்லை.