கயிறு கட்டாத வீடு

எங்கள் வீட்டில் நாடா வைத்த பாவாடை கிடையாது. ரிப்பன் கிடையாது. கொடிக்கயிறு கூட இல்லை. துணியெல்லாம் மதில்மேல்தான் காய்கிறது. வாசல் கதவைப் பகலில் சாத்துவதே இல்லை. "ஏனம்மணி, ஊட்ட இப்படித் தொறந்து போட்டுட்டு அப்படியென்ன வேல?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இப்போது சிரித்து வைக்கிறேன்.

எல்லாம் என் தங்கை மகளுக்காகத்தான். எட்டு வயது. தங்கையும் அவள் புருஷனும் குமாரபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பிள்ளை பேசாது, கூப்பிட்டால் திரும்பாது, கொஞ்சம் அசந்தால் ஓடுகிற தறிக்குள் கையை விட்டுவிடும். அதனால் பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் கட்டி, தூணோடு பிணைத்துவிட்டுத் தறி ஓட்டினார்கள். நடக்கத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூட வயது வரை அப்படித்தான். அவள் அழுதது தறிச் சத்தத்தில் கேட்காது. அப்பன் காதில் விழுந்தால் அடி விழும். ஒருநாள் தங்கையே கூட்டிவந்து என்னிடம் விட்டுப் போனாள்.

சேலத்து டாக்டர் ஆட்டிசம் என்றார். "எது பொறவியிலயே வந்ததுங்க, எது கட்டிப் போட்டதால வந்ததுங்க?" என்று கேட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதாம். முதலில் பயம் போகட்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். சொல்வது சுலபம். பயம் எப்போது போகும் என்று அவரும் சொல்லவில்லை.

குக்கர் விசிலடித்தால் கட்டிலடியில் போய் ஒடுங்கிவிடுவாள், அதனால் பானையில்தான் சோறு. தலைவாரப் போனால் கடிப்பாள். நான் இடுப்பொடிந்து உட்காரும்போது தட்டைக் கவிழ்ப்பாள். சனியனே என்று தொண்டை வரை வரும், விழுங்கிக்கொள்வேன். இப்படியே காலம் போய், ஓர் ஆடி மாதம் கடைக்குப் போகும் வழியில் தானாக என் சுண்டுவிரலைப் பிடித்தாள். ரோடென்றும் பார்க்காமல் அழுதேன்.

அந்தப் பிடி போய்விடக் கூடாது. என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

ஆனால் எங்கள் சனங்களுக்குப் பிள்ளைமேல் பாசம் வந்தால் கையில் கயிறும் வந்துவிடும். காய்ச்சலா, மந்திரித்த கயிறு. பேச்சு வரவில்லையா, அதற்கும் கயிறு. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பின்னாலிருந்து பிள்ளையின் கையை அமுக்கிப் பிடித்து ஒன்றைக் கட்டிவிட்டார். "எல்லாஞ் செரியாப் போயிரும் சாமி" என்று கொஞ்சிக்கொண்டேதான் கட்டினார். பிள்ளை அலறிய அலறலும் நான் போட்ட கூச்சலும் தெருவையே கூட்டின. அதன்பின் அவள் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். மறுபடி என் விரலைப் பிடிக்கத் தை பிறந்துவிட்டது.

பங்குனியில் தங்கை வந்தாள். கையில் கயிறு.

"வெரதமிருந்து வாங்கியாந்தேன்க்கா. எங்கையால கட்டிட்டுப் போயிர்றேன்."

வாசலில் நின்ற பிள்ளை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தத்தான் வாயெடுத்தேன். தங்கையின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் அதற்கும் தெம்பில்லை.

"அவளுக்கு வேண்டாம். எனக்குக் கட்டு."

"உனக்கெதுக்குக்கா?"

"எனக்குந்தான் பேய் புடிச்சிருக்குது. கட்டு."

கட்டினாள். முடிச்சு விழுந்ததும் பிள்ளை விறுவிறுவென்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். "மெதுவா சாமி, வலிக்குது" என்றேன். காதில் வாங்கவில்லை. அவிழ்த்துத் திறந்த கதவு வழியாக வெளியே எறிந்துவிட்டு, கயிறு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள்.

"எவ்வளவு சுளுவா அவுக்கறா பாரு" என்றேன் தங்கையிடம்.

"சின்னதுலயே அவுப்பாக்கா. அதனாலதான் முடிச்ச முதுகுப் பக்கம் போட்டேன்."

தங்கையின் மணிக்கட்டில் கோயில் கோயிலாகக் கட்டிக்கொண்ட கயிறுகள் இருந்தன. அந்தக் கையை மெல்ல மகள் பக்கம் நீட்டினாள். பிள்ளை போகவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகும் வரை தங்கை கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்க வேண்டுமென்று வருஷக்கணக்காக மனதில் சேர்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அடுத்த தடவ வெறுங்கையோட வா" என்றேன்.

"வாரேன்க்கா."

நானும் பிள்ளையும் வாசலில் நின்று பார்த்தோம். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தபடியே தன் கைக்கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.