தொட்டியில் மினுங்கிய காக்காப்பொன்

நிலத்தில் போர்வெல் போட்ட பிறகு எங்கள் பசு குடித்த முதல் தொட்டித் தண்ணீர் என்னை என்ன பாடு படுத்தியது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது பசு நிறைசினை.

துளை போடும்போது வெளியே வரும் கல்தூளை போர்வெல் வண்டிக்காரர்கள் சில அடிக்கு ஒரு குவியலாக வரிசையில் கொட்டி வைப்பார்கள். எந்த ஆழத்தில் என்ன கல் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் நிலத்தில் முதல் குவியல் செம்மண். அடுத்தது சாம்பல் நிறம். மூன்றாவது மட்டும் வெயிலில் தகதகத்தது. பித்தளை நிறத்தில், செதில் செதிலாக.

"காக்காப்பொன்னுங்க. கருங்கல்லு மக்கிப்போன எடத்துல இப்பிடித்தான் அடுக்கடுக்கா கெடக்கும்" என்றார் வண்டிக்காரர்.

மோட்டார் இறக்கி, கற்பூரம் காட்டி, முதல் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் பிடித்தேன். பசு ஒரே மூச்சில் உறிஞ்சியது. பிறகுதான் தொட்டியின் அடியைப் பார்த்தேன். அந்தச் செதில்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. அடியில் இவ்வளவு என்றால் வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கும்? கண்ணாடித்தூள் மாதிரி குடலை அறுத்துவிட்டால்? உள்ளே இருக்கும் கன்று?

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்கும். ஒரு செதிலை நகத்தால் கிள்ளினேன். வெங்காயச் சருகு போல உரிந்தது. உரிந்ததும் மறுபடி உரிந்தது. மடக்கினால் ஒடியவில்லை, மடங்கியபடியே நின்றது. கண்ணாடி இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். எரிகிறதா பார்ப்போம் என்று ஒன்றை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினேன். எரியவில்லை. ஆனால் புழுவைப் போல நெளிந்து நீண்டது. நகத்தின் கனம்தான் இருந்தது, சுண்டுவிரல் கணு அளவுக்கு உப்பிவிட்டது.

"ஏங்க! இது உப்புதுங்க! வவுத்துக்குள்ள போயி இப்பிடி உப்புனா மாடு என்னாவறது?"

வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏன் புள்ள, மாட்டு வவுத்துல யாரு அடுப்பு பத்த வெச்சா?"

கொழுந்தனார் பாலக்கோடு பக்கம் தக்காளி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். அவருக்குப் போன் போட்டு அழுதேன். சாயந்திரம் வந்தார். உப்பிய துண்டைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார்.

"அண்ணி, நாங்க இதத்தான் மூட்ட மூட்டயா வாங்கி நாத்துத் தட்டுல போடறோம். வெர்மிகுலைட்டுன்னு பேரு. ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கும்."

"அப்ப ஏன் உப்புது?"

"அடுக்குக்கு நடுவுல துளியூண்டு தண்ணி மாட்டிக்கிட்டிருக்கும். தீயில அது ஆவியாகி அடுக்கத் தள்ளுது. கொதிக்கிற தண்ணிச் சூடே அதுக்குப் பத்தாது. மாட்டு வவுறு எந்த மூலைக்கு?"

"உள்ளயே தங்கிட்டா?"

"நாளைக்குச் சாணியப் பாருங்க அண்ணி. என்னய வுடுங்க, டீ போடுங்க."

விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். சாணியைக் குச்சியால் பிட்டுப் பார்த்தேன். மினுமினுவென்று செதில்கள். உள்ளே போனபடியே, உப்பாமல், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். சாணியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான். அதையே கரைத்து வாசல் தெளித்தேன். வெயில் ஏறியதும் வாசல் முழுக்க மின்னியது.

"கழுத்துல போட ஒண்ணுமில்லன்னு சொல்லுவ. வாசல்ல எவ்ளோ போட்டிருக்கற பாரு" என்றார் வீட்டுக்காரர்.

நான்காம் நாள் மத்தியானம் பசு கிடேரிக் கன்று போட்டது. கன்று எழுந்து நின்று மடியை முட்டும் வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

குழாய்த் தண்ணீர் இப்போது தெளிந்துவிட்டது. ஆனாலும் தொட்டிப் பக்கக் குழாய் வாயில் பழைய வேட்டித் துணி ஒன்றைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். கொழுந்தனார் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பசு மறுபடி சினையாக இருக்கிறது.