புகார் வராத புத்தகங்கள்

குழந்தைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற வேலையில் குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாரும் குறுக்கே வருவார்கள். பள்ளி நூலகராக இருந்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

நிபந்தனை

எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நூலகராகச் சேர்ந்தேன். அதுவரை அங்கே நூலகம் என்றால் வாசலில் நிற்கும் கண்ணாடி அலமாரிதான். எப்போதும் பூட்டியிருக்கும். சாவி தாளாளரின் மேஜைக்குள். கெஞ்சிக் கூத்தாடி, அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும், ஆறாவது முதல் ஒன்பதாவது வரை வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியடும் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்தே கணக்கு வாத்தியாருக்கு அந்த பீரியட்மேல் ஒரு கண்.

தாளாளர் கெட்டவர் இல்லை. பெற்றோர் என்றால் மட்டும் அவருக்கு நடுக்கம். புதுப் புத்தகம் வாங்க அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்களே செலக்ட் பண்ணுங்க மேடம். ஆனா ஒரே ஒரு பேரண்ட் கம்ப்ளெயின்ட்னு என் ரூமுக்கு வந்தாலும் சரி, அந்த பீரியட் மேத்ஸுக்குப் போயிடும்."

பத்து அங்குலம்

புத்தகம் வாங்க பாரிமுனைக்குக் கிளம்பினேன். கூடவே பள்ளி குமாஸ்தாவும் வந்தார். மின்சார ரயிலில் வாயே திறக்காத மனிதர் கடைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்தார். அலமாரித் தட்டின் உயரம் பத்து அங்குலமாம். நான் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு புத்தகத்தையும் மேலும் கீழும் அளந்து, உயரமானதை எல்லாம் ஒதுக்கி வைத்தார்.

கிரகங்களைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம். விரித்தால் சனிக்கிரகம் இரண்டு பக்கத்துக்கும் வளையத்தோடு நிற்கும். எனக்கே அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அரை அங்குலம் அதிகம் என்று அதையும் தள்ளிவிட்டார். படுக்க வைக்கலாமே என்றேன். படுக்க வைத்தால் வாசலில் வருகிறவர்களுக்குப் பெயர் தெரியாதாம். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா டீச்சர், பொஸ்தகம் வாங்க வந்தீங்களா, ஜன்னலுக்கு ஸ்க்ரீன் தைக்க வந்தீங்களா?"

பொய்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா, சிட்லபாக்கத்துக்காரர், சாயந்திரம் நேரே லைப்ரரிக்கு வந்தார். நல்லவேளை, தாளாளர் அறைக்குப் போகவில்லை. கையில் நான் கொடுத்தனுப்பிய கதைப் புத்தகம். ஆடு பேசுகிறது, மரம் பதில் சொல்கிறது, இதெல்லாம் நடக்குமா என்று கேட்டார். பொய் சொன்னால் பையனை அவர் அடிப்பதாகவும், நான் பொய்க்கு அட்டை போட்டுக் கொடுப்பதாகவும் சத்தம் போட்டார். பீரியட் போய்விடுமே என்ற பயத்தில், உண்மையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு பாம்புப் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை, எல்லாம் படத்தோடு இருக்கும். திருப்தியாகப் போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். பையன் அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறான். ஏரிக்கரைக்குப் போய் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு ஒன்றைச் சரியாக அடையாளம் கண்டு, டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மூடியைத் திறந்தது அவன் அம்மா. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது: "மேடம், அந்தப் பொய்யையே குடுத்துடுங்க."

பெயர் எழுத வேண்டாம்

பெண் குழந்தைகள் பெரியவர்களாகும் வயதில் உடம்பில் என்னென்ன மாறும் என்று ஒரு டாக்டர் எளிமையாக எழுதிய சின்னப் புத்தகம் வாங்கியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குத்தான். அலமாரியில் வைத்த அன்றைக்கே எங்கள் சயின்ஸ் டீச்சர் வந்து ஒரு பிடி பிடித்தார். பாடப் புத்தகத்திலேயே அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லித் தாண்டிவிடுகிறவர் அவர். பேரண்ட் யாராவது பார்த்தால் என் வேலையே போகும் என்றார். பயந்துபோய்ப் புத்தகத்தை என் மேஜை டிராயருக்குள் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரே வந்தார். கதவைச் சாத்தினார். டிராயரைக் காட்டிச் சொன்னார்: "என் பொண்ணுக்கு ஒரே ஒரு நாள் குடுங்க மிஸ். ரிஜிஸ்டர்ல பேர் மட்டும் எழுதாதீங்க."

நான் செய்தது

இதுவரை அடுத்தவர்களைச் சொன்னேன். இனி என்னைப் பற்றி.

எந்தப் புத்தகத்தையும் நான் முழுக்கப் படித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். ஒரு சிறுவனைப் பற்றிய நாவல். அருமையான எழுத்து. நடுவில் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறாள். ஆறு பக்கம். படித்து நானே அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தாளாளரின் நிபந்தனை. எந்த அம்மாவாவது இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தால்? ஸ்டேப்ளரை எடுத்து அந்த ஆறு பக்கத்தையும் சேர்த்து ஓரத்தில் வரிசையாகப் பின் அடித்தேன். ரொம்பப் பொறுப்பான காரியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

எட்டாம் வகுப்பில் மலர் என்று ஒரு பெண். பெருங்களத்தூரிலிருந்து வருவாள். அரைப் பரீட்சை லீவில் அவள் அம்மா இறந்துபோனாள். திரும்பி வந்தபோது அவளிடம் எப்படிப் பேசுவதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவள் முன்னால் 'அம்மா' என்ற வார்த்தையையே எல்லாரும் தவிர்த்தோம். அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். ஒரு பீரியடில் அந்த நாவலைத் தானாகவே எடுத்துக்கொண்டு போனாள். பின் அடித்திருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

அடுத்த வாரம் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். எல்லாப் பின்னும் பக்கம் கிழியாமல் பிடுங்கப்பட்டிருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்து பேசினாள்: "அவனும் அம்மா புடவைய மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கிட்டுதான் தூங்குறான் மிஸ். நான் மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன்."

தாளாளர் அறை

மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே மலரின் அப்பா நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர்; விரலெல்லாம் கிரீஸ். போயிற்று, எல்லாம் போயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா சாகிற கதையை என் மகளுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்கப்போகிறார். ஆனால் அவர் கேட்டது வேறு. அந்தப் பக்கங்களில் பின் அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

கோபமாகத்தான் வந்திருந்தார். அதைக் கேட்டதும் கோபம் எங்கோ போய், நம்ப முடியாதவர்போல் நின்றார். "நீங்களா டீச்சர்? எங்க வூட்டுக்காரி போன நாள்லேர்ந்து எம் பொண்ணு ஒரு சொட்டு அழல. அந்தப் பக்கத்தப் படிச்சுகினு இருக்கறப்பதான் ஓன்னு அழுதுச்சு. நானும் கூட அழுதேன். அத்தப் போய் மூடி வெச்சிருக்கீங்களே, இன்னொரு புள்ளைக்கு வேணாமா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் திட்டியது புத்தகத்தை இல்லை, என்னைத்தான் என்று தாளாளரிடம் மன்றாடினேன். அவர் டைம்டேபிளை எடுத்து, லைப்ரரி என்ற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்: "கம்ப்ளெயின்ட் எதைப் பத்தி இருக்கணும்னு நான் சொல்லலையே மேடம்."

ஆக, நான் தேர்ந்தெடுத்த எந்தப் புத்தகத்தின் மீதும் அந்த அறைக்குள் ஒரு புகாரும் வரவில்லை. வந்த ஒரே ஒரு புகார், புகாருக்குப் பயந்தவள் மீதுதான்.