ஒரு ரிங் என்றால் திறந்திருக்கிறது

மத்தூர் பள்ளியில் கணக்கு நடத்திய தீர்த்தகிரி கணினியைத் தாமாகவே கற்றவர். 2008ஆம் ஆண்டு, ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் எழுதுவதற்கென்றே இணையத்தில் ஓர் இலவசத் தளம் இருப்பதைக் கண்டுபிடித்து, எட்டாம் வகுப்புக் கணக்குக்கு அதில் ஒரு பக்கம் தொடங்கினார். ஓசூர்ப் பள்ளி பிரவீனா டீச்சரும், கிருஷ்ணகிரி விஜயகுமாரும் சேர்ந்துகொண்டார்கள். தனித்தனிக் கணக்குத் தொடங்கும் பொறுமை மற்ற இருவருக்கும் இல்லாததால், மூவருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இருவர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால், பிறகு சேமிப்பவருடையதே நிற்கும். முதலில் சேமித்தவருடையது அழிந்துபோகும். அதற்குத் தீர்த்தகிரியே வழி கண்டார். திறக்கும்போது மற்றவர்களுக்கு ஒரு மிஸ்டு கால். வேலை முடிந்து மூடும்போது இரண்டு. காசு செலவில்லாத அந்த ஏற்பாட்டில் ஓராண்டு முழுவதும் ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை.

பின்னங்கள் பாடத்தில்தான் முதல்முறையாகத் தொலைந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நட்டு, போல்ட்டுப் பெட்டிகளை வைத்துப் பிரவீனா ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டிலிருந்து எழுதிய பயிற்சிகள், மாலையில் தீர்த்தகிரி சேமித்ததும் மறைந்துபோயின. மறுநாள் விஜயகுமார் போன் செய்தார்.

"டீச்சர் எழுதுனது உங்களதவிட நல்லா இருந்துச்சு. அதான் தூக்கிட்டீங்களா சார்?"

"காலையில திறந்ததுமே ரிங் குடுத்தேன் விஜயகுமார். என் போன்ல பதிவு இருக்கு."

"எனக்கு வந்துச்சு, அவங்க போன்ல இல்லையே! பாஸ்வேர்ட மாத்திட்டோம். கொஞ்ச நாளு நீங்க ஓய்வெடுங்க."

தாம் கட்டிய வீட்டுக்கு வெளியே தாமே நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. அந்த வாரம் முழுதும் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கம் தொடங்கிய நாளிலிருந்து எடுத்துவைத்த அச்சுப் பிரதிகள் எல்லாம் கோப்பில் இருந்தன. அழைத்த நேரமும் போனில் இருந்தது. தம் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று நம்பினார். அடுத்த ஞாயிறு கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினார்.

பிரவீனாவின் வீடு கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில். பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி கேட்க அவளுடைய எண்ணை அழுத்தினார். வழி கேட்பதற்கு என்பதால், அன்று போனைக் காதில் வைத்தார். மணி அடிக்கவில்லை. பதிவுசெய்த ஒரு பெண் குரல் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது.

அங்கேயே நின்றுவிட்டார். ஓராண்டாக ஒரு மிஸ்டு காலையும் அவர் காதில் வைத்துக் கேட்டதில்லை. பிரவுசிங் சென்டர் மேசையில் போனை வைத்தபடியே அழுத்தி, இரண்டு நொடி விட்டு அறுப்பதுதான் வழக்கம். அவருடைய பதிவு, அழைத்ததைச் சொன்னதே தவிர, மணி அடித்ததைச் சொல்லவில்லை.

பெட்டிக்கடையில் விசாரித்து வீட்டை அடைந்தார். விஷயத்தைக் கேட்ட பிரவீனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ சார்! எங்க வீட்டுல சமையல்கட்டு தமிழ்நாடு, வாசல் கர்நாடகா. வாசலுக்கு வந்தா போன் அந்தப் பக்கத்து டவரப் புடிச்சிக்கும். அப்புறம் ரோமிங்தான், பேலன்ஸ் இல்லன்னா போற காலும் போகாது, வர்ற காலும் வராது. நானும் அன்னிக்கு உங்களுக்கு ரிங் குடுத்தேனே!"

"காதுல வெச்சுக் கேட்டீங்களா டீச்சர்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் அங்கேயே விஜயகுமாரை வீட்டு லேண்ட்லைனில் பிடித்தாள். "சார் மேல தப்பில்ல. பாஸ்வேர்டச் சொல்லுங்க, இப்பவே." விஜயகுமார் சொன்னார். அன்று மாலை அவள் வீட்டுக் கணினிமுன் இருவரும் அமர்ந்து, அழிந்த பயிற்சிகளை அவள் நினைவிலிருந்து சொல்ல, தீர்த்தகிரி தட்டச்சு செய்தார்.

அதன்பின் ரிங் அந்த லேண்ட்லைனுக்குத்தான். ஆனால் பிரவீனாவின் மாமியார் சென்னம்மாவுக்கு மிஸ்டு கால் என்பது பிடிபடவே இல்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"வாத்தியாரா? சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் கத்துவார்: "பிரவீனா, மத்தூரு வாத்தியாரு தொறந்துட்டாராம், நீ தொறக்காத!"

இப்போது ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒன்றாக எழுதலாம். அவரவர் பெயர் திரையில் மின்னும், எதுவும் அழிவதில்லை. தீர்த்தகிரிக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனாலும் பக்கம் திறந்ததும் கை ஒரு கணம் போனைத் தேடும். சாப்டீங்களா என்று அந்தத் திரை ஒருநாளும் கேட்டதில்லை.